கத்தி தீட்ட கல் வாங்கலாமா, சாணைக்காரர்கிட்ட குடுக்கலாமா? ஒரு தேய்மானக் கணக்கு

எஸ்ஐபி, டேக்ஸ்னு பேசுற இடத்துல கத்திக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. புதுசா வேலைக்குச் சேர்ந்து தனியா வீடு எடுத்தவங்களுக்கு, சின்னப் பொருளைத் திரும்பத் திரும்ப வாங்குறதுலயே நிறைய பணம் கரையும். தக்காளி நசுங்க ஆரம்பிச்சா புதுக் கத்தி. ஆறு மாசத்துல இன்னொண்ணு. இல்லைன்னா ஒரு வீடியோவைப் பார்த்துட்டு மூவாயிரம் ரூபாய்க்குக் கல் செட். பெரும்பாலான வீட்டுக்கு இந்த ரெண்டுமே தேவையில்லைங்க.

கணக்கியல்ல 'தேய்மானம்'னு ஒரு வார்த்தை உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்த ஒரு சொத்து இழக்குற மதிப்பு. கத்திக்கு அது நிஜமான தேய்மானம். ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் கொஞ்சம் இரும்பு போகுது. அதனால ஒரு கருவியோட விலையை மட்டும் பார்க்காதீங்க. அது உங்க கத்தியை எவ்வளவு தின்னுதுன்னும் பாருங்க.

எது என்ன செய்யும்?

1. இழுத்துத் தீட்டுற ஷார்ப்பனர்: வி வடிவப் பள்ளத்துல கத்தியை வெச்சு இழுக்கணும். பழக்கமே வேண்டாம், ஒரு நிமிஷ வேலை. ஆனா உள்ள இருக்கிற கார்பைடு பட்டை இரும்பைச் சுரண்டித்தான் கூர் ஆக்குது. விலை குறைவு, தேய்மானம் அதிகம்.

2. ஸ்டீல் கம்பி: இது தீட்டுறதில்லை. மடிஞ்சுபோன விளிம்பை நிமிர்த்துது, அவ்வளவுதான். கூரான கத்தியைக் கூராவே வெச்சுக்க உதவும். மொட்டையான கத்தியைக் காப்பாத்தாது.

3. இருபக்கக் கல்: ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. எண் கூடக்கூட கல் மென்மையாகும். நம்ம வீட்டு ஸ்டெயின்லெஸ் கத்திக்கு 400/1000 தாராளம். 6000, 8000 எல்லாம் காய் வெட்டுறதுக்குத் தேவையில்லாத செலவு.

4. சாணைக்காரர்: சக்கரம் வேகமா வெட்டும், இரும்பும் அதிகமா போகும். ரொம்பச் சூடானா விளிம்போட உறுதியும் குறையும். ஆனா பல் போன கத்தி, அருவாமனை, கத்தரிக்கோலுக்கு அவர்தான் சரி.

கோயமுத்தூர் பம்ப்செட்டும் ஃபவுண்டரியும் நிறைஞ்ச ஊர். அதனால கல் வாங்க ஆன்லைன் போகணும்னு இல்லை. மதுக்கரையிலயோ டவுன்ஹால் பக்கமோ ஹார்டுவேர் கடையில 'கார்பரண்டம் கல்'னு கேட்டுப் பாருங்க. சிலிக்கான் கார்பைடுக்கு வெச்ச வியாபாரப் பேர்தான் அது. 1954ல ஆரம்பிச்ச, முருகப்பா குழுமத்தோட கார்போரண்டம் யுனிவர்சல் இந்த வகைக் கல் தயாரிக்குது.

கணக்கு போடலாமா?

இது உதாரண விலைதான். உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க.

கல் 600 ரூபாய், 5 வருஷம் வரும்னு வெச்சுக்கலாம். வருஷத்துக்கு 4 தடவை தீட்டினா மொத்தம் 20 தடவை. ஒரு தடவைக்கு 30 ரூபாய்.

சாணைக்காரர் ஒரு கத்திக்கு 40 ரூபாய் வாங்குறார்னா, ரெண்டு கத்திக்கு 80.

உடனே 'கல்தான் லாபம்'னு முடிவு பண்ணாதீங்க. உங்க நேரத்துக்கும் விலை இருக்கு. சம்பளம் 30,000, மாசம் 200 மணி நேர வேலைன்னா ஒரு மணிக்கு 150 ரூபாய். ரெண்டு கத்தி தீட்ட 15 நிமிஷம்னா 37.50. மொத்தம் 67.50. சாணைக்காரரைவிட 12.50 மட்டுமே கம்மி.

ஒரே ஒரு கத்திதான் இருக்குன்னா? கல்லுக்கு 30, நேரத்துக்கு சுமார் 19, ஆக 49. அவர்கிட்ட 40. அங்கே சாணைக்காரர் ஜெயிச்சுட்டார்!

கல் வாங்கினா இப்படித் தீட்டுங்க

தண்ணிக் கல்லா எண்ணெய்க் கல்லான்னு கடையில கேட்டு நனைச்சுக்கோங்க. கல்லுக்கு அடியில ஈரத்துணி விரிச்சா வழுக்காது. கோணம் சுமார் 20 டிகிரி. ஒரு அங்குல அகலக் கத்தின்னா அதோட முதுகு கல்லுல இருந்து 8, 9 மில்லிமீட்டர் தூக்கி இருக்கணும். கிட்டத்தட்ட சுண்டுவிரல் நக அகலம். கடைசி வரைக்கும் அந்தக் கோணம் மாறக் கூடாது. மறுபக்க விளிம்புல பிசிறு தட்டுப்பட்டா கத்தியைத் திருப்புங்க. கடைசியா மென்மையான பக்கத்துல லேசா நாலு இழுப்பு, கழுவித் துடைச்சா முடிஞ்சுது. ரம்பப்பல் கத்தி, செராமிக் கத்தி ரெண்டையும் இந்தக் கல்லுல வைக்காதீங்க.

இன்னொண்ணு: மொட்டைக் கத்திதான் ஆபத்து. அழுத்தி வெட்டும்போது வழுக்கி விரல்ல இறங்கும். ஒரு தையல் போட்டா ஆகுற செலவுக்கு எத்தனையோ கல் வாங்கலாம். அதனால 'இப்படியே ஓட்டிக்கலாம்'ங்கறது சிக்கனம் ஆகாது.

சரி, யாருக்கு எது?

தினமும் சமையல், ரெண்டு கத்திக்கு மேல இருக்கு: 400/1000 கல் ஒண்ணு.

வாரக் கடைசியில மட்டும் சமையல், ஒரே கத்தி: எதுவும் வாங்காதீங்க. சாணைக்காரர்கிட்ட குடுங்க. நடுவுல பீங்கான் கப்போட அடிப்பக்கம், பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையத்துல நாலு தடவை தேய்ச்சா சமாளிக்கலாம்.

தீட்டப் பழக நேரமே இல்லை: இழுத்துத் தீட்டுற ஷார்ப்பனர், மலிவான கத்திக்கு மட்டும்.

எந்தக் கருவியா இருந்தாலும், வாங்குறதுக்கு முன்னாடி 'வருஷத்துக்கு எத்தனை தடவை எடுப்பேன்?'னு ஒரு தாள்ல எழுதி, விலையை அதால வகுத்துப் பாருங்க. மிக்ஸிக்கும் டிரெட்மில்லுக்கும் இதே கணக்குதான். அடுத்த பதிவுல சந்திக்கலாம்ங்க.