அரிய மண் பங்குகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

டெர்பியம், டிஸ்புரோசியம் உள்ளிட்ட 7 அரிய மண் தனிமங்களை ஏற்றுமதி செய்ய இனி உரிமம் வேண்டும் என்று 2025 ஏப்ரலில் சீனா அறிவித்தது. இவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தம் கிடைக்காமல் பல நாடுகளில் வாகன ஆலைகள் திண்டாடின. அதன் பிறகு, சுரங்கப் பங்குகளை வாங்கலாமா என்ற கேள்வி சிறு முதலீட்டாளர்களிடமும் எழுந்திருக்கிறது. அடிக்கடி கேட்கப்படும் சில சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இவை.

அரிய மண் தனிமங்கள் எல்லாமே விலை உயர்ந்தவையா?

இல்லை. மொத்தம் 17 தனிமங்கள். மின்வாகன மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தம் நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகியவற்றைக் கொண்டது. சூட்டிலும் அதன் வலு குறையாமலிருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் சேர்க்கிறார்கள். பணம் இந்த நான்கில்தான் இருக்கிறது. பெரும்பாலான தாதுக்களில் அதிகம் இருப்பதோ மலிவான செரியமும் லாந்தனமும். ஒரு நிறுவனம் ‘இத்தனை லட்சம் டன் கண்டுபிடித்தோம்’ என்றால், அதில் காந்தத் தனிமங்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

சீனாவிடம் மட்டும்தான் இவை கிடைக்கின்றனவா?

ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரேசில், இந்தியா எல்லாவற்றிலும் உண்டு. தோண்டுவதில் சீனாவின் பங்கு சுமார் 70 சதவீதம். பிரித்துச் சுத்திகரிப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். இந்தத் தனிமங்கள் வேதிப் பண்பில் ஒன்றை ஒன்று ஒத்தவை என்பதால், ஒவ்வொன்றாகப் பிரிக்க நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்க வேண்டும். கழிவில் கதிரியக்கமும் சேர்ந்து வரும். ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனம் மவுன்ட் வெல்டில் தோண்டி மலேசியாவின் குவாந்தான் அருகே சுத்திகரிக்கிறது; அந்தக் கழிவை என்ன செய்வது என்ற சர்ச்சை அங்கே பல ஆண்டுகள் நீடித்தது. ஆகவே சுரங்கம் மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தையும், பிரிக்கும் ஆலையும் வைத்திருக்கும் நிறுவனத்தையும் ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது.

தட்டுப்பாடு வந்தால் பங்கு விலை ஏறத்தானே வேண்டும்?

ஏறும், ஆனால் நிற்கும் என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்தை நடத்திய மோலிகார்ப், 2010-ல் 14 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. அதே ஆண்டு சீனா, ஜப்பானுடனான மோதலின்போது ஏற்றுமதியை இறுக்கியது. கனிம விலை எகிற, 2011-ல் மோலிகார்ப் பங்கு 70 டாலரைத் தாண்டியது. விலை உச்சியில் இருந்தபோதே வாங்குவோர் பயன்பாட்டைக் குறைத்தார்கள், மாற்றுப் பொருள் தேடினார்கள். விலை சரிந்தது. ஆலை கட்ட வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, 2015 ஜூனில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது.

அதே சுரங்கம் இன்று எம்பி மெட்டீரியல்ஸ் கையில் இருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதில் 40 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோ 110 டாலர் குறைந்தபட்ச விலையையும் 10 ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. அன்றைய சந்தை விலையைவிட அது வெகு அதிகம். இந்தத் தொழிலில் லாபத்தைச் சந்தையைவிட அரசுகளே அதிகம் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் எந்தப் பங்கை வாங்கலாம்?

மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களில் தாது மணல் எடுக்கும் ஐஆர்இஎல், அணுசக்தித் துறையின் கீழ் உள்ள பொதுத்துறை நிறுவனம். அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. ‘ஐஆர்இஎல் பங்கு வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். அந்த மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் இருப்பதால் தனியார் இதில் நினைத்தபடி இறங்க முடியாது. குஜராத்தின் அம்பாடுங்கர் படிவத்தை மேம்படுத்த முனையும் ஜிஎம்டிசி நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் முதன்மை வருமானம் பழுப்பு நிலக்கரி. காந்த உற்பத்திக்காக 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 7,280 கோடி ரூபாய் திட்டத்தின் பலன் ஆலைகள் இயங்கத் தொடங்கிய பிறகே தெரியும். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் பகுதியில் தாது மணல் எடுப்பதற்கு எழுந்தது போன்ற மக்கள் எதிர்ப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரும்பு, நிலக்கரி, துத்தநாகப் பங்குகளின் பிஇ விகிதம் குறைவாக இருக்கிறதே, மலிவா?

பலர் ஏமாறும் இடம் இது. உலோக விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் வீங்கும். அதனால், பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்துக் கிடைக்கும் பிஇ சிறிதாகத் தெரியும். விலை இறங்கினால் லாபம் கரைந்து, அதே பங்கு விலை அதிகம் என்று தோன்றும். கோல் இந்தியா, என்எம்டிசி, இந்துஸ்தான் ஜிங்க் போன்றவற்றில் ஓராண்டு லாபத்தைப் பார்க்காமல், பத்தாண்டுச் சராசரி லாபம், ஒரு டன்னுக்கான உற்பத்திச் செலவு, கடன், குத்தகைக் காலம் ஆகியவற்றைப் பாருங்கள். டிவிடெண்டும் உலோக விலையோடு ஏறி இறங்கும்.

‘பெரிய படிவம் கிடைத்தது’ என்று வெளிநாட்டுச் சிறு நிறுவனங்கள் அறிவிக்கின்றனவே?

இந்தோனேசியாவின் புசாங்கில் ஏராளமான தங்கம் இருப்பதாகச் சொன்ன கனடாவின் பிரெ-எக்ஸ், 1997-ல் அம்பலப்பட்டது. சோதனை மாதிரிகளில் தங்கத்தூள் கலந்திருந்தார்கள். மோசடி இல்லாத இடத்திலும், நிலத்தடியில் இருப்பதாக மதிப்பிடப்படும் வளம் வேறு, லாபத்தோடு எடுக்க முடியும் என்று நிறுவப்பட்ட இருப்பு வேறு. வருமானமே இல்லாத ஆய்வு நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் பங்கின் விகிதம் சுருங்கிக்கொண்டே போகும்.

வெளிநாட்டுப் பங்கு வாங்க விதி என்ன?

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வைத்திருக்கும் வெளிநாட்டுப் பங்குகளை வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

எவ்வளவு போடலாம்?

பாதியாகக் குறைந்தாலும் வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் கட்டணத்தையும் தொடாத தொகை மட்டுமே. கடன் வாங்கிப் போடாதீர்கள். ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை முதலில் செபி இணையதளத்தில் சரிபாருங்கள்.