ஸ்டீல் போஸ்ட்டா, ஃபைபர் போஸ்ட்டா? பல்லுக்குள்ள ஒரு மெட்டீரியல் கதை

ரூட் கேனால் முடிஞ்சதும், "போஸ்ட் வைக்கணும், மெட்டலா ஃபைபரா?"ன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்றது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒண்ணு. போஸ்ட் பல்லை பலப்படுத்தாது. பல்லோட மேல் பாகம் ரொம்ப உடைஞ்சிருந்தா, கேப்பைத் தாங்க டாக்டர் அங்க ஃபில்லிங்ல ஒரு கட்டை எழுப்புவார். அது கழண்டு வராம வேருக்குள்ள பிடிச்சு நிறுத்துற குச்சிதான் போஸ்ட். அதை இறக்க வேரைக் குடைஞ்சா வேர்ச் சுவர் மெலியும். மேல போதுமான பல் மிச்சமிருந்தா போஸ்ட்டே வேண்டாம்.

தேவைப்பட்டா? "ஸ்டீல்தானே ஸ்ட்ராங்"னு தோணும். ஆனா வலிமை வேற, விறைப்பு வேற. எவ்வளவு லோடுல உடையும்ங்கிறது வலிமை. லோடு விழுந்தா எவ்வளவு வளைஞ்சு கொடுக்கும்ங்கிறதுதான் விறைப்பு. வேர்ச் சுவரான டென்டினோட விறைப்பு சுமார் 18 ஜிகாபாஸ்கல். கிளாஸ் ஃபைபர் போஸ்ட் பெரும்பாலும் 20-லேர்ந்து 50-க்குள்ள. டைட்டானியம் 110 பக்கம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 200! முறுக்கைக் கடிக்கிறப்ப வேர் துளியூண்டு வளையும், உள்ள இருக்கிற ஸ்டீல் வளையாது. அழுத்தம் ஸ்டீல் முடியற இடத்துல போய்க் குவியும். ஸ்டீலுக்கு ஒண்ணும் ஆகாது, வேர்தான் பிளக்கும். நெடுக்கா பிளந்த வேரைக் காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். பெரும்பாலும் பிடுங்கத்தான் வேணும்.

ஃபைபர் போஸ்ட் எப்படி இருக்கும்? எலியட்ஸ் பீச்லேர்ந்து வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம் வரைக்கும் நடங்க. கரையில நிக்கிற ஃபைபர் போட்டுக்கும் இதுக்கும் ஒரே குடும்பம்: கண்ணாடி இழை, அதைக் கட்டிப் பிடிக்கிற ரெசின். போட்ல இழைங்க பாய் மாதிரி பல திசையில கிடக்கும், போஸ்ட்ல எல்லாம் நீளவாக்குல. அதனால நீளவாக்குல விறைப்பு அதிகம், குறுக்கே கம்மி. ரெண்டுக்கும் பொது எதிரி தண்ணி. லேப்ல 5 டிகிரி, 55 டிகிரி தண்ணியில மாத்தி மாத்தி முக்கினா போஸ்ட்டோட வளைவு வலிமை குறையுதுன்னு பல சோதனைகள் காட்டியிருக்கு. ஐஸ்க்ரீம் மேல ஃபில்டர் காபி குடிக்கிற நம்ம வாய்தான் அந்த லேப்.

ஆனா ஃபைபர் தோத்தா, பெரும்பாலும் பசை விட்டு கேப்போட கழண்டு வரும். கடுப்புதான், ஆனா வேர் தப்பிச்சா திரும்ப ஒட்டலாம். சர்வரே எரியாம ஒரு சர்வீஸ் மட்டும் ரீஸ்டார்ட் ஆகுற மாதிரி. அதுக்காக ஏற்கெனவே நல்லா இருக்கிற மெட்டல் போஸ்ட்டை மாத்த ஓடாதீங்க.

இதையெல்லாம் விட முக்கியம், உலக்கைக்குப் போடற பூண். ஈறுக்கு மேல சுத்திவர ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர் சொந்தப் பல் இருந்தா, கேப் அதைப் பூண் மாதிரி இறுக்கிப் பிடிக்கும். டாக்டருங்க இதை ஃபெர்ரூல்னு சொல்வாங்க. அதனால போஸ்ட் விலையை விசாரிக்கிறதுக்கு முன்னாடி, "ஃபெர்ரூலுக்கு எவ்வளவு பல் மிச்சமிருக்கு டாக்டர்?"னு கேளுங்க. இல்லைன்னா, ஈறை இறக்கியோ பல்லை மெதுவா வெளிய இழுத்தோ அந்த இடத்தை உண்டாக்க முடியுமான்னும் கேளுங்க.