பிள்ளையின் கண்ணுக்கு யார் பொறுப்பு?

பெருநாள் மாலையில் சென்னைக் கடற்கரைக்குச் சென்றவர்கள் இந்தக் காட்சியைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள். நான்கு கழிகளை நட்டுப் பலகை நிறுத்தி, அதில் வரிசை வரிசையாக வண்ணப் பலூன்கள் கட்டப்பட்டிருக்கும். எதிரே ஒரு மேசை. அதன்மேல் கைபட்டுத் தேய்ந்த காற்றுத் துப்பாக்கி. சில்லறையைக் கொடுத்தால் சில குண்டுகள். புத்தாடை அணிந்து, அத்தர் மணம் கமழ நிற்கும் சிறுவன் அந்தத் துப்பாக்கியைத் தூக்கவே திணறுவான். தந்தை பின்னால் நின்று அவன் தோளைத் தாங்கிக்கொள்வார். தங்கை ஓரமாய் நின்று எட்டிப் பார்ப்பாள். பலூன் வெடித்தால் எல்லோருக்கும் ஆனந்தம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு தோளைத் தாங்கி நின்ற தந்தை நான்தான். என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. முதல் இரண்டு குண்டுகள் எங்கோ போயின. மூன்றாவது, பலகையைத் தாங்கிய இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறித்துத் திரும்பியது. "பெரியத்தா!" என்று அலறினாள் என் தம்பியின் ஏழு வயது மகள். கன்னத்தில், வலது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, பயறளவு சிவப்புத் தழும்பு. கடைக்காரர் பதறி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். "ஒண்ணுமில்ல பாய், சின்ன அடிதான்" என்று சொல்லி, நான் கொடுத்த பணத்தையும் திருப்பித் தந்தார். அல்ஹம்துலில்லாஹ், இரண்டு நாட்களில் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு விரற்கடை இடைவெளி என் உறக்கத்தை வெகுநாள் கெடுத்தது. பணம் கொடுத்தவன் நான். அவளை அங்கே நிற்கச் சொன்னவனும் நான்.

பொழுதுபோக்கிற்காகவோ பயிற்சிக்காகவோ துப்பாக்கி ஏந்தும் சிறுவர்களுக்குக் கண், காதுக் கவசங்களைக் கட்டாயமாக்க வேண்டுமா என்ற கேள்வியை அன்றிலிருந்து பலரிடம் கேட்டு வருகிறேன். "பெற்றோரின் விருப்பத்திற்கு விட்டுவிடலாமே" என்பதே பெரும்பாலோர் தரும் பதில். அந்தப் பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த விளையாட்டையே தடுக்க வேண்டும் என்பது என் நோக்கமன்று. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். 2022-இல் தென்கொரியாவின் சாங்வானில் நடந்த உலகக் கோப்பையில் மைராஜ் அஹ்மத் கான் ஸ்கீட் பிரிவில் தங்கம் பெற்றார். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார். அதன்பின், "ஹஜ்ரத், பையனைத் துப்பாக்கி சுடும் வகுப்பில் சேர்க்கலாமா?" என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம் என்றே சொன்னேன். அம்பெறியும் பயிற்சியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு ஊக்குவித்தார்கள் என்பதை மக்தபில் ஓதும் பிள்ளைகளும் அறிவார்கள்.

அதே நபிமொழித் தொகுப்புகளில் நாம் அதிகம் பேசாத வேறொரு செய்தியும் உண்டு. விரல்களுக்கிடையே சிறு கல்லை வைத்துச் சுண்டி எறியும் விளையாட்டை அண்ணலார் தடுத்தார்கள். அதனால் வேட்டையும் கிடைக்காது, பகைவனும் வீழமாட்டான். பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது அந்தத் தடைக்கு அவர்கள் கூறிய காரணம். அறிவித்தவர் அப்துல்லாஹ் பின் முகஃப்பல் (ரலி). அம்புடன் பள்ளிவாசலுக்குள் வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. எறியக் கற்றுக்கொள் என்ற மார்க்கம், பக்கத்தில் நிற்பவன் கண்ணைப் பார்த்துக்கொள் என்பதையும் சேர்த்தே சொன்னது. முந்தியதை மேடைகளில் முழங்குகிறோம், பிந்தியதை மறந்துவிட்டோம்.

அரை கிராம் ஈயம்

போட்டிகளில் பயன்படும் காற்றுத் துப்பாக்கியின் குண்டு 4.5 மில்லிமீட்டர் விட்டமுடையது. எடை ஏறத்தாழ அரை கிராம். வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் அது புறப்படுகிறது. மணிக்கணக்கில் பார்த்தால் 600 கிலோமீட்டருக்கும் மேல். கடற்கரைத் துப்பாக்கிகள் சுருள்வில் தளர்ந்து வலுக்குறைந்தவை என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் தோலைத் துளைக்கத் தேவையான வேகத்தைவிட மிகக் குறைந்த வேகமே விழியைச் சிதைக்கப் போதும். கன்னத்தில் தழும்போடு நின்றுவிட்ட அந்தக் குண்டு, ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

இதற்குரிய தடுப்பு விலை உயர்ந்ததன்று. பாலிகார்பனேட் எனும் உடையாத பிளாஸ்டிக்கில் செய்த பாதுகாப்புக் கண்ணாடி இரும்புக் கடைகளிலேயே கிடைக்கிறது. பக்கவாட்டிலும் மறைப்பு இருக்கவேண்டும். சிறுவனின் முகத்திற்கு அளவாகவும் இருக்கவேண்டும். பார்வைக்காக அணியும் சாதாரணக் கண்ணாடி இதற்குப் பதிலாகாது. அது உடைந்தால் அதன் சில்லுகளே கண்ணுக்குள் போகும்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத் துளையையும் 20 ஜூல் ஆற்றலையும் மிஞ்சாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. கடற்கரைக் கடை, பொருட்காட்சி, உறவினர் தோப்பு என எங்கும் அது பிள்ளைகளின் கைக்கு எட்டிவிடுகிறது. முறையான போட்டிகளை எடுத்துக்கொண்டாலும், உலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள் கண்ணாடியும் காதுக்கவசமும் அணியுமாறு வீரர்களை வலியுறுத்துகின்றனவே ஒழிய, அணியாதவன் சுடக்கூடாது என்று விலக்கவில்லை. தேர்ந்த வீரர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். அவர்கள் நிற்குமிடம் வரையறுக்கப்பட்டது. குண்டைத் தாங்கும் அமைப்பும் முறையானது. பத்து வயதுப் பையனுக்கு அந்த வலியுறுத்தல் எப்படிப் போதும்?

ஸே, ஸீன், ஸாத்

கண்ணைப் பற்றிச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வோர், காதைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆதலால் என் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

கல்லூரி நாட்களில் நான் சீருடைப் பயிற்சி ஒன்றில் இருந்தேன். முகாம்களில் துப்பாக்கி சுடும் அணியில் என்னையும் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கான குண்டுகள் சுட்டிருப்பேன். காதுக்கு எதுவும் தரப்படவில்லை. கேட்டவனைக் கோழை என்றார்கள். மிகவும் கெஞ்சினால் கொஞ்சம் பஞ்சு கிடைக்கும். வெறும் பஞ்சு அந்த ஓசைக்கு ஒரு தடையே அன்று. மாலையில் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும், மறுநாள் அடங்கிவிடும். அடங்கிவிட்டதால் கவலைப்படவில்லை.

நாற்பதைத் தொட்டபோது மதரஸாவில் ஒரு சிரமம் தலைகாட்டியது. இடப்பக்கம் அமர்ந்து ஓதும் பிள்ளை ஸேயை உச்சரிக்கிறானா, ஸீனையா, ஸாத்தையா என்பது எனக்குப் பிரித்துணர முடியவில்லை. எழுத்துகளின் உச்சரிப்பைத் திருத்துவதே தொழிலாகக் கொண்டவனுக்கு இது எத்தகைய சோதனை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பரிசோதித்த மருத்துவர், இடக்காதில் உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்றார். வலது தோளில் வைத்துச் சுடுபவனின் இடக்காதுதான் துப்பாக்கியின் வாய்ப்பக்கம் திரும்பியிருக்கும் என்பதையும் அவரே விளக்கினார். முழுக்க அந்த முகாம்களே காரணம் என்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை, நானும் கூறவில்லை. இப்போது பிள்ளைகளை வலப்பக்கம் அமர்த்தி ஓதக் கேட்கிறேன்.

உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் சில ஆயிரமே உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. திடீர் ஓசையின் உச்சம் பெரியவர்களுக்கு 140 டெசிபலையும், குழந்தைகளுக்கு 120 டெசிபலையும் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. டெசிபல் கணக்கில் 20 என்பது நூறு மடங்கு வேறுபாடு! .22 எனப்படும் சிறிய துப்பாக்கியே ஏறத்தாழ 140 டெசிபலை எட்டுகிறது. களிமண் தட்டுகளைச் சுடும் பெரிய துப்பாக்கி அதையும் மிஞ்சுகிறது. பெரியவனுக்கு விளிம்பில் நிற்கும் ஓசை, பிள்ளைக்கு எல்லையைத் தாண்டிய ஓசை. காற்றுத் துப்பாக்கியின் சத்தம் இந்த அளவில் இல்லை. ஆகவே கண்ணாடி எல்லாத் துப்பாக்கிக்கும், காதுக்கவசம் வெடிமருந்துத் துப்பாக்கிக்கும் என்பதே என் கருத்து.

இனிப் பெற்றோரின் உரிமைக்கு வருவோம். ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு ஒரு சட்டம் நினைவிருக்கும். அநாதைப் பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளர், அதிலிருந்து ஒரு காசைக்கூட எவருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. அதை வளர்க்கலாம், அவனுக்காகச் செலவிடலாம். இழக்க அவருக்கு அதிகாரமில்லை. அதே நூல்கள் ஒரு கண்ணைப் போக்கியதற்கு முழு உயிரீட்டில் பாதி, அதாவது 50 ஒட்டகங்கள் என்று விதிக்கின்றன. கேட்கும் புலன் முற்றாகப் போனால் முழு ஈடு, 100 ஒட்டகங்கள். ஒரு காசைக் கொடுத்துவிட அதிகாரமில்லாத பொறுப்பாளனுக்கு, 50 ஒட்டகம் பெறும் கண்ணை ஒரு பலூனுக்காகப் பணயம் வைக்க உரிமை எங்கிருந்து வந்தது? வளர்ந்தவன் தன் கண்ணைப் பற்றித் தானே முடிவெடுக்கட்டும். அதற்கு அவன் பதில் சொல்லிக்கொள்வான். பிள்ளையின் கண் நம்மிடம் இருக்கும் அமானிதம்.

"கவசம் மாட்டினால் பிள்ளைகளுக்கு அலட்சியம் வந்துவிடும்" என்று ஒரு நண்பர் வாதிட்டார். பொருட்படுத்தத்தக்க வாதம்தான். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் சிறுவர்கள் பலர் கண்ணிழந்து வந்தபோது, டாம் பாஷ்பி என்ற கண் மருத்துவர் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கப் பல ஆண்டுகள் போராடினார். அங்கும் இதே மறுப்பு எழுந்தது. 1970-களின் பிற்பகுதியில் சிறுவர் ஆட்டங்களில் அது கட்டாயமாயிற்று. அதன்பின் அச்சிறுவர்களிடையே கண்ணிழப்பு ஏறத்தாழ மறைந்தே போனது. முகம் மூடியதால் முரட்டுத்தனம் கூடியதா என்ற விவாதமும் நடந்ததுண்டு. ஆனால் கவசத்தைக் கழற்றிவிடலாம் என்று முடிவெடுக்கப்படவில்லை. வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் புதிய வீரர்களுக்குக் கண்மறைப்பு கட்டாயமானது 2013-இல்தான்! பெரியவர்கள் தங்களுக்கு விதித்துக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் தயங்கியதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே விதித்துவிட்டார்கள்.

துப்பாக்கிப் பயிற்சியிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. அமெரிக்காவில் ஃபோர்-எச் எனும் இளைஞர் இயக்கமும் சாரண இயக்கமும் பயிற்சித் திடலில் கண்ணாடி இல்லாத பிள்ளையின் கையில் துப்பாக்கி தருவதில்லை. நம் நகரங்களிலும் பரவியுள்ள பெயின்ட்பால் எனும் வண்ணக்குண்டு விளையாட்டைப் பாருங்கள். களத்திற்குள் முகமூடி கட்டாயம். அந்த விளையாட்டில் நேர்ந்த கண் காயங்களில் பெரும்பாலானவை முகமூடி அணியாதபோதோ, வியர்வைக்காக ஒரு கணம் தூக்கிவிட்டபோதோ நேர்ந்தவை.

நம் நாட்டில் இது புதுமையும் அன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், இருசக்கர வாகனத்தில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்கிறது. (ஜும்ஆவுக்கு வரும் வண்டிகளில் எத்தனை பிள்ளைகளின் தலையில் தொப்பி மட்டும் இருக்கிறது என்பதை நான் எண்ணிப் பார்த்ததுண்டு, இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.) சட்டம் இருந்தும் நிலை இதுவென்றால், சட்டமே இல்லாத கடற்கரைக் கடையில் யாரை நம்புவது?

ஆகையால் கட்டாயம் என்பது பிள்ளையின் மேல் விழக்கூடாது; துப்பாக்கியைக் கையில் கொடுப்பவர் மேல் விழவேண்டும். பயிற்சிக்கூடமானாலும் பலூன் கடையானாலும், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குக் கண்ணாடி மாட்டாமல் துப்பாக்கி கொடுத்தால் உரிமம் போகும் என்று இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் கண்ணாடி வேண்டும், அல்லது தடுப்புக்குப் பின்னால் நிறுத்தவேண்டும். என் தம்பி மகள் துப்பாக்கியைத் தொடவே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோர் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் சிறுவர் அளவுக் கண்ணாடியும் காதுக்கவசமும் இருக்கின்றனவா என்று கேட்கட்டும். பெரியவர் அளவில் உள்ள காதுக்கவசம் சிறிய தலையில் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி வழியே ஓசை புகுந்துவிடும். குண்டுகள் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் பிள்ளைகள் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

சென்ற பெருநாளிலும் பிள்ளைகள் அதே கடற்கரைக்குப் போகவேண்டும் என்றார்கள். மறுக்கவில்லை. இரும்புக் கடையில் வாங்கிய மூன்று கண்ணாடிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்றேன். சுடுபவனுக்கு ஒன்று, பார்ப்பவளுக்கு ஒன்று, எனக்கொன்று. நாங்கள் மூவரும் அவற்றை மாட்டிக்கொண்டு நின்ற கோலத்தைக் கண்டு பலூன் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சுட்டு முடித்துப் புறப்பட்டபோது, மேசைக்கு அடியில் அமர்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்த தம் சிறிய மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "பாய், இது எங்க கெடைக்கும்? என்ன வெலை?"