உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தின் ‘அப்’பும் தமிழின் ‘விடு’வும்

வினைச்சொல்லுடன் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ போன்ற சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஆங்கில அமைப்பு, சொற்றொடர்வினை எனப்படும். ‘ஈட்’ என்பது உண்ணுதலை மட்டும் குறிக்க, ‘ஈட் அப்’ என்பது மிச்சமின்றி உண்டு முடித்தலைக் குறிக்கிறது; தமிழில் இம்முடிவுப் பொருளைத் தருவது, ‘குழந்தை சோற்றைச் சாப்பிட்டுவிட்டது’ என்பதில் உள்ளதுபோல், தன் சொந்தப் பொருளை இழந்து முதல்வினைக்குத் துணைநிற்கும் ‘விடு’ என்னும் துணைவினையாகும்.

ஆங்கிலத்தில் ‘ஏட் அப்’ என முதல்வினையே காலம் காட்ட, தமிழில் முதல்வினை ‘சாப்பிட்டு’ என எச்சமாக நின்றுவிடுவதால், காலத்தையும் திணை, எண், பாலையும் துணைவினை ஏற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஈட் இட் அப்’ என வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவே பிரதிப்பெயர் நுழைவதுபோலத் தமிழிலும் ‘சாப்பிட்டேவிட்டது’ என அழுத்தம் தரும் ஏகாரம் நுழைய இடமுண்டு.

இத்தகைய தமிழ்த் துணைவினைகளை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதிய மொழியியலாளர் இ. அண்ணாமலை, மைசூருவின் மானசகங்கோத்ரியில் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ (கைவிடுதல்) போன்ற சொற்றொடர்வினைகளின் பொருளை உறுப்புகளைக் கூட்டி அறிய இயலாது என்பதால், கற்போர் அவற்றை முழு வாக்கியங்களில் பழகுவதே சிறந்தது.