நேரியல் பெருக்கி (படகு வானொலி)

நேரியல் பெருக்கி என்பது வானொலிக் கருவி அனுப்பும் அலையை வடிவம் மாறாமல் வலுப்படுத்தும் மின்னணுச் சாதனம் ஆகும். இந்தியாவில் 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி, 26.957–27.283 மெகாஹெர்ட்ஸ் குடிமக்கள் அலைப்பட்டையில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கே உரிம விலக்கு உண்டு. பெருக்கியைச் சேர்த்தால் அவ்விலக்கு பொருந்தாது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில், படகுகளுக்கு உரியது கடல்சார் வி.எச்.எஃப். கருவியே. இதன் உச்சத் திறன் 25 வாட். அவசர அழைப்புக்கு 16 ஆம் அலைவரிசை (156.8 மெகாஹெர்ட்ஸ்) பயன்படுகிறது.

மின்வழங்கல்

100 வாட் வெளியிடும், 50 விழுக்காடு செயல்திறன் கொண்ட பெருக்கி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். கம்பியின் தடை 0.1 ஓம் என்றாலும் 1.7 வோல்ட் வீணாகும், பேச்சு சிதையும். உப்புக்காற்றில் இணைப்புகள் அரிக்கப்பட்டால் தடை மேலும் கூடும். 25 வாட் கருவிக்கும் இது பொருந்தும். ஆகவே குட்டையான, தடித்த கம்பியும் பேட்டரிக்கு அருகில் ஃபியூஸும் தேவை.

தொலைவு

வி.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்வதால், தொலைவைத் தீர்மானிப்பது ஆண்டெனாவின் உயரமே. இரு படகுகளிலும் அது 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசலாம்; 9 மீட்டரானால் சுமார் 25 கிலோமீட்டர். திறனை மட்டும் கூட்டினால் இந்த எல்லை அதிகம் நீளாது. பேட்டரிதான் விரைவில் தீரும். பேட்டரி தீர்ந்த படகால் அவசர அழைப்பும் விடுக்க இயலாது.