பழைய விண்டோஸ் போட்டதும் கணினி ஊமையாகிவிட்டதா?

மாணவர்களே, வீட்டில் இருக்கும் ஒரே கணினி நத்தைபோல நகர்கிறது. "விண்டோஸ் 10 இதுக்குத் தாங்காது, பழைய விண்டோஸ் 7 போட்டா பறக்கும்" என்று அண்ணனோ பக்கத்து வீட்டு மாமாவோ சொல்கிறார். பென்டிரைவைச் செருகி ஒரு மணி நேரத்தில் போட்டும் விடுகிறார். கணினி வேகமாகத்தான் திறக்கிறது. ஆனால் வைஃபை இல்லை, ஒலி இல்லை, திரையில் எழுத்தெல்லாம் ஊதிப் பெருத்துக் கிடக்கிறது. "நல்லா இருந்த கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டீங்களே!" என்று அம்மா ஏசுகிறார்.

ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பழுது பார்க்கும் கடை பட்டணத்தில் இருக்கிறது. போய்வர ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். கடையில் "மதர்போர்டு போயிடுச்சு" என்றால், அது சரியா தவறா என்று நமக்குத் தெரியாது. ஆகவே கடைக்குப் போகும் முன்பே ஒரு கேள்விக்கு விடை தேடுவோம். கெட்டுப்போனது வன்பொருளா, அல்லது மென்பொருள்தான் குறைகிறதா?

விடை தேடும் முறையைத் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே படித்துவிட்டீர்கள். கருதுகோள், மாறிகள், பரிசோதனை ஆகியவைதான் இங்கும் உதவப் போகின்றன.

முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

வைஃபை நாளைக்கும் வரும். அழிந்துபோன இடுபணியும் குடும்பப் படங்களும் திரும்ப வருவது கடினம். ஆகவே வேறு எதையும் தொடும் முன் 'சி' வட்டைத் திறந்து, 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். வட்டை ஃபார்மேட் செய்யாமல் விண்டோஸை நிறுவியிருந்தால், முன்பிருந்தவை அந்தக் கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனுள் 'யூசர்ஸ்' என்பதற்குள் போனால் உங்கள் பழைய ஆவணங்களும் படங்களும் கிடைக்கும். அவற்றை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்புறை இல்லை, வட்டு ஃபார்மேட் ஆகிவிட்டது என்றால் அந்தக் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். விரைவு ஃபார்மேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. பழைய வன்தட்டில் பக்கங்கள் இன்னும் இருக்கலாம். அதன்மேல் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் அவை உண்மையில் அழிகின்றன. முக்கியமான கோப்பு என்றால் மீட்டெடுக்கத் தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள்.

கங்காணி இல்லாத தோட்டம்

அந்தக் காலத் தோட்டத்தைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். துரை சொல்வதைத் தொழிலாளர்களிடம் தமிழில் எடுத்துச் சொன்னவர் கங்காணி. அவர் வராத நாளில் துரையும் நலமாகத்தான் இருப்பார், தொழிலாளர்களும் நலமாகத்தான் இருப்பார்கள். ஆனால் வேலை நடக்காது.

கணினியில் இயங்குதளம்தான் துரை. ஒலி அட்டை, வைஃபை அட்டை, திரை அட்டை ஆகியவை தொழிலாளர்கள். நடுவில் நின்று இரு பக்கத்துக்கும் புரியவைக்கும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஏற்ற டிரைவர் தனித்தனியாக வேண்டும்.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22இல். அதற்குள் பல டிரைவர்கள் இருக்கின்றன. ஆனால் அவை அந்தக் காலக் கருவிகளுக்கானவை. 2009இல் எழுதிய வருகைப் பதிவேட்டில் 2016இல் பிறந்த பிள்ளையின் பெயர் இருக்குமா? அதே கதைதான். யூஎஸ்பி 3.0 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விண்டோஸ் 7இல் அதற்கான டிரைவர் இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8இல்தான் அது சேர்ந்தது. ஆகவே நீல நிற யூஎஸ்பி துளையில் செருகிய மவுஸ் அசையாவிட்டால், கறுப்பு நிறத் துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள்.

மஞ்சள் குறி சொல்லும் செய்தி

'கம்ப்யூட்டர்' என்பதன்மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'மேனேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். சில கருவிகளின் பக்கத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தெரியும். பலர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் இது ஓரளவு நல்ல செய்தி. கருவி அங்கே இருக்கிறது, மின்சாரம் பெறுகிறது, "நான் இருக்கிறேன்" என்று பதிலும் சொல்கிறது. அதன் மொழிதான் விண்டோஸுக்குப் புரியவில்லை. பெரும்பாலும் காரணம் டிரைவர் இல்லாததே.

பெயர் தெரியாத கருவியை எப்படி அடையாளம் காண்பது? அதை இருமுறை சொடுக்கி, 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. 1978இல் இன்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் 8086தான்! 'டெவ்' என்பதை அடுத்து வருவது கருவியின் மாதிரி எண். கருவிக்கே இருக்கும் அடையாள அட்டை எண்போல இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு கைபேசி போதும். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கம்பியால் கணினியுடன் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், பெரும்பாலும் விண்டோஸ் 7 அதை அடையாளம் கண்டுகொள்ளும். டேட்டா செலவாகும் என்பதால் முதலில் வைஃபை டிரைவரை மட்டும் இறக்குங்கள். மடிக்கணினியின் அடிப்பக்க ஒட்டியில் உள்ள மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்" என்று ஆசை காட்டும் மென்பொருள்கள் வேண்டாம். அவற்றோடு வேண்டாத விருந்தாளிகளும் உள்ளே வரலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஐந்து டிரைவர்களை ஒன்றாக நிறுவினால், எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. முதலில் சிப்செட், பிறகு வலையமைப்பு, திரை, கடைசியில் ஒலி என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கணினியை மீண்டும் தொடக்கி, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

எல்லாம் செய்தும் ஒலி வரவில்லையா? இப்போது ஒரு பரிசோதனை செய்வோம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களை வன்தட்டில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடவிடலாம். அப்படி ஓடவிட்டு ஒரு பாட்டைப் போடுங்கள். கருதுகோள்: டிரைவர் சரியில்லாததால்தான் ஒலி வரவில்லை. தற்சார்பு மாறி: இயங்குதளம். சார்பு மாறி: ஒலி வருகிறதா இல்லையா. கட்டுப்படுத்தப்பட்ட மாறி: அதே கணினி, அதே ஒலிபெருக்கி, அதே பாட்டு.

முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். லினக்ஸில் பாட்டு கேட்டால் ஒலி அட்டையும் ஒலிபெருக்கியும் நன்றாக உள்ளன. கேட்காவிட்டால் அவை கெட்டுவிட்டன என்று சொல்ல முடியாது. லினக்ஸிடமும் அந்தக் கருவிக்கான டிரைவர் இல்லாமல் இருக்கலாம். ஒரு முடிவு உறுதி தருகிறது, மறு முடிவு சந்தேகத்தை மட்டும் கூட்டுகிறது.

ஓர் எச்சரிக்கை. லினக்ஸை ஏற்றும்போது அந்தப் பென்டிரைவில் உள்ள அனைத்தும் அழியும். கோப்புகளைக் காப்பாற்றி வைத்த பென்டிரைவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். திரையில் 'இன்ஸ்டால்' என்பதையும் சொடுக்காதீர்கள்.

தேதியையும் பாருங்கள்

இணையம் வந்த பிறகும் பல தளங்கள் "பாதுகாப்பற்றது" என்று மறுக்கின்றனவா? திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. தேதியைத் திருத்துங்கள். அணைத்துத் திறந்ததும் தேதி மீண்டும் பின்னால் போனால், மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட மின்கலம் தீர்ந்திருக்கலாம். மேசைக் கணினியில் பெரும்பாலும் அது சிஆர்2032 வகை, 3 வோல்ட். சில ரிங்கிட்டில் முடியும் வேலை.

தமிழ் எழுத்து மாறிப் போனால்

இதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் உண்டு. தமிழுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிந்தால், எழுத்துரு இல்லை என்று பொருள். விண்டோஸ் 7இல் 'லதா' என்ற தமிழ் எழுத்துரு இருப்பதால் இது அரிது. எக்ஸ்பியில் தமிழுக்கான வசதியை நாமே இயக்க வேண்டும்.

கோயில் கணக்கு, திருமண அழைப்பிதழ் போன்ற பழைய கோப்புகளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரிந்தால், அது வேறு நோய். யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் சொந்தக் குறியீட்டில் எழுத்துகளைச் சேமித்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைப் பெற்றோர் பயன்படுத்தியிருப்பார்கள். கோப்பு கெடவில்லை. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று கேட்டு, அதை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

வேகம் வந்தது, காவல் போனது

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14உடன் பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. கூகுள் குரோமும் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது.

2017 மே 12இல் 'வான்னாகிரை' என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14இல் வெளியாகியிருந்தது. அதைப் போடாத கணினிகளே அகப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. பழைய பென்டிரைவிலிருந்து இன்று நீங்கள் போடும் விண்டோஸ் 7இல் அந்தத் திருத்தமும் இருக்காது.

ஆகவே அந்தக் கணினியைத் தட்டச்சுக்கும், இணையம் இல்லாமல் பாடக் காணொளி பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம். இணையம் கட்டாயம் என்றால், பென்டிரைவில் சோதித்துப் பார்த்த அந்த லினக்ஸையே நிறுவுவது நல்லது. பழைய கணினியிலும் ஓடும், திருத்தங்களும் தொடர்ந்து வரும்.

அப்படியும் கடைக்குப் போக நேர்ந்தால் உங்கள் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். செய்த மாற்றம், கண்ட விளைவு, அதிலிருந்து எடுத்த முடிவு என்று மூன்று கட்டங்கள் போதும். "லினக்ஸில் ஒலி வருகிறது, விண்டோஸில் வரவில்லை" என்று நீங்கள் காட்டினால், புதிய ஒலி அட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இருக்காது.