துணி ஆலையில் உமிழ்நீரின் உறவுக்காரர்!

குழந்தைகளே! ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதே காரணம்.

இதே வகை நொதிக்குத் துணி ஆலையிலும் வேலை உண்டு. தறியில் அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்த பிறகு அது போனால்தான் சாயம் சீராகப் பிடிக்கும். முன்பு அமிலத்தில் ஊறவைப்பதுண்டு. கவனம் தவறினால் துணியே இற்றுவிடும்! அமைலேஸோ கஞ்சியை மட்டும் கரைக்கும், பருத்தியைத் தொடாது.

பனியன் துணிக்குக் கஞ்சி கிடையாது. ஆனால் பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே மெழுகும் பெக்டினும் படிந்திருக்கும். அதைப் போக்கக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, பலமுறை அலச வேண்டும். பெக்டினேஸ் நொதிக்குச் சுமார் 55 டிகிரி செல்சியஸ் சூடே போதும். எரிபொருளும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழானது. 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கலாம், உங்கள் பெற்றோருக்கு! சாயமிடும்போது சேர்க்கும் உப்பை நொதியால் நீக்க முடியாது. அதற்குச் சுத்திகரிப்பு நிலையம்தான் வேண்டும். ஆனால் அங்கே போய்ச் சேரும் காரம் குறையும்.